ஐரோப்பாவின் எரிவாயு, 2040 வரை: ஆண்டுக் கணக்கு சரி, அந்தக் குளிர் வாரத்துக்கு என்ன வழி?

கதிர்_82:

பக்கத்து இழையில் ஒருவர், "ஐரோப்பாவில் எரிவாயுத் தேவை இன்னும் பதினைந்து வருடத்தில் பாதியாகிவிடும், எங்கிருந்து வாங்குவது என்ற கவலையே வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன். நீண்டுகொண்டே போனதால் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

தேவை குறைகிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021ல் சுமார் 410 பில்லியன் கன மீட்டர் பயன்படுத்தியது. 2023ல் அது ஏறக்குறைய 330. (ஒரு பில்லியன் என்றால் நூறு கோடி. இனி பில்லியன் என்று மட்டும் எழுதுகிறேன்.) இரண்டே வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. ஆனால் அதில் பல விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. காற்றாலை, சூரிய மின்சாரம் கூடியது ஒன்று. 2022-23 குளிர்காலம் மிதமாக இருந்தது இன்னொன்று. விலைக்குப் பயந்து மக்கள் வீட்டைக் குளிராக வைத்துக்கொண்டார்கள். ஆலைகள் உற்பத்தியைக் குறைத்தன. இதில் முதலாவதுதான் நிலைத்து நிற்கும் குறைவு. மிதமான குளிர் அடுத்த வருடமும் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அளிப்புப் பக்கம் நடந்தது இன்னும் பெரிது. 2021ல் ஒன்றியத்தின் எரிவாயு இறக்குமதியில் சுமார் 45% ரஷ்யாவிலிருந்து வந்தது. 2022 செப்டம்பர் 26ல் பால்டிக் கடலடியில், ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் நோர்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாய்கள் வெடித்தன. மறுநாளே, அதே கடலைக் கடந்து நோர்வே எரிவாயுவைப் போலந்துக்குக் கொண்டுபோகும் பால்டிக் பைப் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் போர்ன்ஹோம் தீவு அருகே கடல் நுரைத்துக்கொண்டிருக்கிறது, மறுபக்கம் புதுக் குழாயின் வால்வைத் திறக்கிறார்கள். 2025 ஜனவரி 1ல் உக்ரைன் வழிக் குழாயும் நின்றது. மிச்சமிருக்கும் ரஷ்ய எரிவாயுவையும் 2027க்குள் நிறுத்துவதென்று ஒன்றியம் சட்டமே போட்டுவிட்டது.

இதையெல்லாம் தாண்டி நான் கேட்பது ஒன்றுதான். நாம் ஏன் எப்போதும் ஆண்டுத் தேவையை மட்டுமே பேசுகிறோம்? எரிவாயு வருடம் முழுக்கச் சீராக எரிவதில்லை. ஜனவரியில் காற்று நின்று, வானம் மூடி, வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் அந்த ஒரு வாரம் இருக்கிறதே, அந்த வாரத்துத் தேவைதான் குழாயின் அளவையும் கிடங்கின் அளவையும் முடிவு செய்கிறது. ஆண்டுத் தேவை பாதியானாலும் அந்த வாரத்தின் தேவை பாதியாகாது என்பது என் வாதம். தவறிருந்தால் சொல்லுங்கள்.

புதியவன்_தேடல்:

சின்னக் கேள்வி. குளிர் கூடினால் கூடுதலாகக் கப்பல்களை வரவழைத்தால் போதாதா? திரவ எரிவாயுவைத்தான் இப்போது எங்கும் இறக்குகிறார்களே.

கதிர்_82:

நல்ல கேள்வி. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

எரிவாயுவை மைனஸ் 162 பாகைக்குக் குளிர்வித்தால் திரவமாகி, கொள்ளளவு 600ல் ஒரு பங்காகச் சுருங்கும். இன்றைய பெரிய கப்பல் ஒன்று 1,74,000 கன மீட்டர் திரவம் ஏற்றும். அது ஆவியானால் கிட்டத்தட்ட 0.1 பில்லியன். நோர்ட் ஸ்ட்ரீம் 1ன் கொள்ளளவு ஆண்டுக்கு 55 பில்லியன். அந்த ஒரு குழாய்க்கு ஈடுகட்ட வருடத்துக்கு 550 கப்பல், அதாவது தினம் ஒன்றரைக் கப்பல் வேண்டும்.

வருட அளவில் ஐரோப்பா இதைச் செய்து காட்டியது உண்மை. ஜெர்மனியிடம் கப்பலிலிருந்து திரவ எரிவாயுவை இறக்கும் முனையம் சொந்தமாக ஒன்றுகூட இல்லாமல் இருந்தது. 2022 டிசம்பரில் வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் மிதக்கும் முனையத்தைத் திறந்துவிட்டார்கள். லித்துவேனியா 2014லேயே கிளைபேடாவில் இப்படி ஒன்றை நிறுத்தி, அந்தக் கப்பலுக்கு 'சுதந்திரம்' என்று பெயரும் வைத்தது. அந்த முன்யோசனைக்கு என் மரியாதை எப்போதும் உண்டு.

ஆனால் அமெரிக்காவின் வளைகுடாக் கரையிலிருந்து வடமேற்கு ஐரோப்பாவுக்கு ஒரு கப்பல் வந்துசேர ஏறக்குறைய இரண்டு வாரம். செவ்வாய்க்கிழமை குளிர் கூடுகிறது என்று திங்கள்கிழமை கப்பலை அழைக்க முடியாது. அந்த இரண்டு வார இடைவெளியைத் தாங்குவது நிலத்தடிக் கிடங்குதான்.

மகிழன்_ஓஸ்லோ:

கதிர், இரண்டு வாரம் என்ற உங்கள் கணக்கில் நோர்வேயை விட்டுவிட்டீர்கள். இன்று ஒன்றியத்துக்கு வரும் எரிவாயுவில் சுமார் 30% இங்கிருந்துதான் போகிறது. வடகடலில் இருக்கும் எங்கள் ட்ரோல் எரிவாயு வயலின் உற்பத்தியைச் சில மணி நேரத்தில் ஏற்றி இறக்கலாம். பல வருடம் நோர்வே ஏற்றுமதியின் ஏற்ற இறக்கத்தைப் பெரும்பாலும் அந்த வயல்தான் தோளில் சுமந்தது. இங்கே வீடுகளில் எரிவாயு எரிப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், எங்கள் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம். எடுப்பதில் ஏறக்குறைய எல்லாமே ஏற்றுமதிக்குத்தான்.

ஆனால் இதில் ஒரு கஷ்டம் உண்டு. வருடத்துக்கு 120 பில்லியன் அளவில் எடுக்கும் நாடு, அந்த உச்சியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லா நாளும் முழு வேகத்தில் ஓடுகிறவன், அவசரத்துக்கு வேகம் கூட்ட முடியாது. பராமரிப்பு வேலை சில நாள் இழுத்தாலும் விலை அன்றைக்கே துள்ளுகிறது. 2020 செப்டம்பரில் ஹாம்மர்ஃபெஸ்ட் திரவ எரிவாயு ஆலையில் தீப்பிடித்தது. மீண்டும் ஓட 2022 ஜூன் ஆயிற்று. பெரிய புது வயல் கிடைக்காவிட்டால் 2030களில் உற்பத்தி சரியும் என்றுதான் இங்கே அரசுத் துறையே எழுதுகிறது.

அப்புறம் க்ரோனிங்கன். இந்த இழையில் அதைப் பேசாமல் விட்டால் சரியாக இருக்காது. நெதர்லாந்தில் 1959ல் கண்டுபிடித்த வயல். 1976ல் ஒரே வருடத்தில் 88 பில்லியன் எடுத்தார்கள். வடமேற்கு ஐரோப்பாவின் குளிர்காலச் சுமையை அதுதான் தாங்கியது. குளிர் வந்தால் திறப்பார்கள், வெயில் வந்தால் மூடுவார்கள். எடுக்க எடுக்க மேலிருக்கும் நிலம் அமுங்கி நடுங்க ஆரம்பித்தது. 2012 ஆகஸ்ட் 16ல் ஹெளசிங்கே கிராமத்தில் 3.6 அளவு நிலநடுக்கம். அளவைப் பார்த்து சின்னது என்று நினைக்கக்கூடாது, ஆழம் குறைவு, மேலே செங்கல் வீடுகள். சுவர்கள் பிளந்து, முட்டுக்கொடுத்த கட்டைகளோடு அந்த மக்கள் வருடக்கணக்கில் இழப்பீட்டுக்கு அலைந்தார்கள். 2023 அக்டோபர் 1ல் உற்பத்தியை நிறுத்தி, 2024ல் சட்டம் போட்டு நிரந்தரமாக மூடினார்கள். அடியில் இன்னும் எரிவாயு கிடக்கிறது. ஆனாலும் மூடியது சரி என்பதுதான் என் எண்ணம். பக்கத்து நாட்டின் வீடு சூடாக இருக்க இன்னொருவர் வீடு இடியக்கூடாது.

யாழினி_டோர்ட்முண்ட்:

க்ரோனிங்கன் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அந்த வயல் மூடினதை நான் என் வீட்டுக் குசினிக்குப் பக்கத்திலேயே பார்த்தேன்.

அந்த எரிவாயுவில் 14% அளவுக்கு நைதரசன் இருக்கும். அதனால் வெப்பம் குறைவு. நோர்வேயில் இருந்து வருகிறது வெப்பம் கூடியது. இரண்டையும் ஒரே பர்னரில் எரிக்க முடியாது. அதனால் ஜேர்மனியின் வடமேற்குப் பக்கம் முழுக்க, வீட்டுக்கு வெப்பமும் வெந்நீரும் தரும் ஒவ்வொரு எரிவாயுக் கொதிகலனையும் ஆள் வந்து மாற்றியமைக்க வேண்டியிருந்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள்!

எங்கள் வீட்டுக்கு முதல் ஒருதரம் வந்து கொதிகலனின் தகட்டில் இருந்த எண்ணையெல்லாம் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பல மாதம் கழித்து இன்னொருவர் சின்னப் பெட்டியோடு வந்தார். மூடியைக் கழற்றி, சுண்டுவிரல் நுனியளவு பித்தளை முனை ஒன்றைத் திருகி எடுத்துவிட்டு, துளை இன்னும் சின்னதான ஒன்றைப் போட்டார். புகைப்போக்கியில் ஒரு கம்பியை விட்டு அளவெடுத்தார். சுவாலையை வடிவாகப் பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. பழைய முனையை என் கையில் தந்துவிட்டுப் போனார், இன்னும் வைத்திருக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே எல்லாரும் பில்லியனில் பேசுகிறீர்கள். தேவை குறைவது என்பது கடைசியில் ஒரு ஆள் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே வந்து செய்கிற வேலை. வெறும் முனை மாற்றவே இத்தனை வருடம் எடுத்தது. கொதிகலனையே கழற்றி ஹீட் பம்ப் (வெளியில் இருக்கிற வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கிற கருவி) வைக்க எத்தனை ஆள் வேண்டும், எத்தனை வருடம் வேண்டும்?

தாரணி_மின்:

யாழினி சொன்னதை முழுதாக ஏற்கிறேன். ஆனால் கதிரின் அடிப்படை வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது.

குளிர் வாரத்தின் தேவை குறையவே குறையாது என்பதுபோல் எழுதுகிறீர்கள். குளிர் கடுமையாக இருக்கும் நாளில் ஹீட் பம்ப் ஒரு பங்கு மின்சாரத்துக்கு இரண்டரைப் பங்கு வெப்பம் தரும் என்று வைத்துக்கொள்வோம். காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, அந்த மின்சாரம் முழுவதும் எரிவாயு மின்நிலையத்திலிருந்தே வருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நிலையத்தின் திறன் 55%. நூறு பங்கு எரிவாயு எரித்தால் 55 பங்கு மின்சாரம், அது வீட்டில் 137 பங்கு வெப்பமாகிறது. அதே நூறு பங்கை வீட்டுக் கொதிகலனில் எரித்தால் 90 பங்குதான். ஆகவே மிக மோசமான நாளிலும், கடைசி யூனிட் வரை எரிவாயுவில் ஓடினாலும், அதே வெப்பத்துக்கு மூன்றில் ஒரு பங்கு எரிவாயு மிச்சம். சுவருக்கும் கூரைக்கும் காப்பு போட்டால் இன்னும் குறையும்.

பிரச்சினை வேகம்தான். 2022ல் ஐரோப்பாவில் ஹீட் பம்ப் விற்பனை உச்சத்துக்குப் போனது, அடுத்த இரண்டு வருடமும் சரிந்தது. எரிவாயு விலை இறங்கியது, மின்சாரத்தின் மேல் வரிச்சுமை அப்படியே நின்றது, மக்கள் பழைய கொதிகலனையே திரும்ப வாங்கினார்கள். அப்படி வாங்கிய ஒவ்வொன்றும் இருபது வருடம் எரியும். 2040 வரை தேவை எப்படிப் போகும் என்று என்னைக் கேட்டால், இந்த வருடம் எத்தனை கொதிகலன் விற்றது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

கதிர்_82:

தாரணி, நீங்கள் சொன்னது சரி. என் முதல் பதிவில் "பாதியாகாது" என்றதோடு நிறுத்தியது அரைகுறை. மூன்றில் ஒரு பங்கு என்பது பெரிய அளவு, அந்தக் கணக்கை நான் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் அதே கணக்கிலிருந்து இன்னொன்றும் வருகிறது. வீட்டில் எரிந்த எரிவாயு மின்நிலையத்துக்கு இடம் மாறுகிறது. வருடத்தில் முந்நூறு நாள் அந்த நிலையம் சும்மா நிற்கலாம். மிச்ச நாளில் அது இல்லாமல் முடியாது. 2024 டிசம்பர் 12ல் ஜெர்மனியில் காற்றும் வெயிலும் ஒன்றாகக் கைவிட்ட நாளில், ஒரு மணி நேரத்துக்கு மின்சாரத்தின் மொத்தச் சந்தை விலை ஒரு மெகாவாட் மணிக்கு (அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு) 900 யூரோவைத் தாண்டியது.

பிரிட்டனிடம் ரஃப் என்று ஒரு கடலடிக் கிடங்கு இருந்தது. அந்த நாட்டின் சேமிப்பில் சுமார் 70% அது ஒன்றே. பழையதாகிவிட்டது, பழுதுபார்க்கச் செலவு அதிகம், சந்தையில் வேண்டிய எரிவாயு கிடைக்கிறது என்று 2017ல் மூட முடிவெடுத்தார்கள். 2018 மார்ச் 1ல் சைபீரியக் குளிர்காற்று அடித்தது. நாட்டில் எரிவாயு போதாமல் போகலாம் என்று அன்று குழாய் வலையமைப்பை நடத்துபவர்கள் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. 2022 அக்டோபரில் அதே கிடங்கின் ஒரு பகுதியை மறுபடி திறந்தார்கள். ஆண்டுத் தேவையை மட்டும் பார்த்தால் வேண்டாததாகத் தெரிந்த கிடங்கு அது.

இன்னொன்றும் உண்டு. கிடங்கில் 30% இருக்கிறது என்றால் தேவைப்படும்போது அதை எடுத்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். உப்புக் குகைக் கிடங்கு வேகமாகத் தரும். ஆனால் பெரிய கிடங்குகள் பெரும்பாலும் தீர்ந்துபோன பழைய வயல்கள். அவற்றில் எரிவாயு குறையக் குறைய அழுத்தமும் குறையும், ஒரு நாளைக்கு எடுக்கக்கூடிய அளவும் குறையும். பிப்ரவரிக் கடைசியில் வரும் குளிர் டிசம்பர் குளிரைவிட ஆபத்தானது என்று சொல்வது இதனால்தான். 2025 மார்ச் கடைசியில் ஒன்றியத்தின் கிடங்குகள் சுமார் 34% அளவுக்கு இறங்கியிருந்தன.

செல்வம்_வேதி:

வீடும் மின்சாரமும் பேசுகிறீர்கள், ஆலைகளை யாரும் தொடவில்லை. உரம் செய்ய வேண்டிய அம்மோனியாவுக்கு எரிவாயு எரிபொருள் மட்டும் இல்லை, மூலப்பொருளே அதுதான். மீத்தேனிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, காற்றின் நைட்ரஜனோடு சேர்க்கிறார்கள். 2022 ஆகஸ்டில் எரிவாயு விலை ஒரு மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியபோது (2021க்கு முந்தைய பல வருடங்களில் 20 யூரோ அளவில் இருந்தது) ஐரோப்பாவின் அம்மோனியா உற்பத்தியில் பாதிக்கும் மேல் நின்றுபோனது. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப் வேதிப்பொருள் நிறுவனம் தன் அம்மோனியா ஆலைகளில் ஒன்றை மூடுவதாக 2023ல் அறிவித்தது. அங்கே குறைந்த தேவை திறமையால் வந்த சேமிப்பு கிடையாது. அதே உரம் வேறு நாட்டில் அதே எரிவாயுவை எரித்துச் செய்யப்பட்டு கப்பலில் வருகிறது. தேவை குறைந்தது என்று கொண்டாடுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கொண்டாட வேண்டும்.

நீண்டகால ஒப்பந்தத்திலும் இதே முரண். கத்தார் தன் திரவ எரிவாயு உற்பத்தித் திறனை வருடத்துக்கு 7.7 கோடி டன்னிலிருந்து 14.2 கோடி டன்னாக உயர்த்தப்போவதாக 2024ல் அறிவித்தது. முதலீட்டைத் திரும்ப எடுக்க அவர்களுக்கு இருபது, இருபத்தைந்து வருட ஒப்பந்தம் வேண்டும். 2023ல் ஐரோப்பிய எரிசக்தி நிறுவனங்களான ஷெல், டோட்டல்எனர்ஜீஸ் இரண்டும் கத்தாரோடு வருடத்துக்குத் தலா 35 லட்சம் டன்னுக்கு, 27 வருடத்துக்குக் கையெழுத்திட்டன. 2026ல் தொடங்கினால் 2050ஐத் தாண்டுகிறது. ஒன்றியமோ 2050க்குள் கார்பன் சமநிலை என்கிறது, எரியும்போது வரும் கார்பனைப் பிடித்துச் சேமிக்காத எரிவாயுவுக்கு 2049க்கு மேல் நீண்டகால ஒப்பந்தம் கூடாது என்று 2024ல் விதியும் போட்டது. வாங்குகிறவர் குறுகிய காலம் கேட்கிறார், விற்கிறவர் நீண்ட காலம் கேட்கிறார். நடுவில் அமெரிக்கச் சரக்கு, எந்தத் துறைமுகத்துக்கும் திருப்பிவிடக்கூடிய ஒப்பந்தத்தோடு வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவின் சபைன் பாஸ் முனையத்திலிருந்து முதல் சரக்கு 2016 பிப்ரவரியில்தான் போனது, 2025ல் ஐரோப்பா இறக்கிய திரவ எரிவாயுவில் அமெரிக்கப் பங்கு பாதியைத் தாண்டிவிட்டது. ஒரு நாட்டை அளவுக்கு மீறி நம்பிய பாடம் முடிந்த கையோடு இன்னொரு நாட்டின் பங்கு ஏறிக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது.

புதியவன்_தேடல்:

சாண எரிவாயு மாதிரி உள்ளூரிலேயே செய்துகொள்ள முடியாதா?

தாரணி_மின்:

முடியும், டென்மார்க் செய்கிறது. அங்கே குழாயில் ஓடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பண்ணைக் கழிவிலிருந்து வரும் பயோமீத்தேன். ஆனால் ஒன்றியம் 2030க்குள் 35 பில்லியன் என்று இலக்கு வைத்தது, அதில் சிறு பங்குதான் இன்றுவரை எட்டியிருக்கிறது. ருமேனியா கருங்கடலில் நெப்டூன் டீப் வயலை 2027ல் திறக்கப்போகிறது, அது வருடத்துக்கு 8 பில்லியன் அளவில் தரும். இவையெல்லாம் உதவும், போன குழாய்களின் அளவுக்கு வராது.

மகிழன்_ஓஸ்லோ:

குளிர் வாரம் என்றால் என்ன என்பதற்கு ட்ரான்ஸ்னிஸ்ட்ரியாவைப் பாருங்கள். மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் அந்தச் சின்னப் பகுதி முழுக்க முழுக்க உக்ரைன் வழியாக வந்த ரஷ்ய எரிவாயுவில் ஓடியது. 2025 ஜனவரி 1 காலையில் வீடுகளுக்கு வெப்பமும் வெந்நீரும் நின்றன. உணவு செய்யும் ஆலைகளைத் தவிர மற்ற ஆலைகள் எல்லாம் மூடின. மின்சாரமும் முறைவைத்து வெட்டினார்கள். ஐரோப்பா முழுமைக்கும் அந்த வழியில் வந்தது வருடத்துக்கு 15 பில்லியன்தான், மொத்தத்தில் சிறு பங்கு. ஆனால் அந்த ஒரு குழாயை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அதுதான் எல்லாம். சராசரி எண்ணில் இவர்கள் தெரியவே மாட்டார்கள்.

யாழினி_டோர்ட்முண்ட்:

கதிர் அண்ணா, நீங்கள் கிடங்கும் குழாயும் வேண்டும் என்கிறீர்கள். சரி. அதற்கு யார் காசு கட்டுவது?

நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். என் எரிவாயு பில்லில் குழாய் வலையமைப்புக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை இருக்கிறது. எங்கள் தெருவில் சொந்த வீட்டுக்காரர் மூன்று பேர் ஹீட் பம்புக்கு மாறிவிட்டார்கள். குழாயின் நீளம் அதேதான். அதைப் பராமரிக்கிற செலவு இனி மிச்சம் இருக்கிற எங்கள் தலையில். நானும் மாறத் தயார், ஆனால் கொதிகலனை மாற்றுவது வீட்டுக்காரரின் முடிவு. இரண்டு தரம் கடிதம் போட்டும் பதில் இல்லை.

மான்ஹைம் நகரத்து எரிசக்தி நிறுவனம் 2035க்குள் வீடுகளுக்கான எரிவாயு வலையமைப்பை நிறுத்தத் திட்டமிடுவதாக 2024ல் சொன்னது. குறைந்தது அங்கே தேதியாவது சொல்லிவிட்டார்கள்.

கதிர்_82:

யாழினி, இந்தக் கேள்வியை இரண்டு நாளாக யோசித்தேன். என் முதல் பதிவில் இதைத் தொடாமல் போனது பெரிய விடுபடல்.

சந்தை தானாகக் கிடங்கை நிரப்பும் என்று விடமுடியாது. 2025 தொடக்கத்தில், வரப்போகும் குளிர்காலத்து விலையைவிட அந்தக் கோடை விலையே அதிகமாக இருந்தது. கோடையில் அதிகம் கொடுத்து வாங்கி, குளிர்காலத்தில் குறைத்து விற்க எந்த வியாபாரியும் வரமாட்டார். அதனால்தான் நவம்பர் 1க்குள் 90% நிரப்ப வேண்டும் என்ற 2022ன் கட்டாய விதியைத் தளர்த்தி, அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை எப்போது எட்டினாலும் சரி என்று மாற்றினார்கள்.

யார் கட்டுவது என்பதற்கு உங்கள் நாட்டிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2022 கோடையில் உச்ச விலைக்கு வாங்கிக் கிடங்கை நிரப்பிய நட்டத்தை எரிவாயு எரிக்கும் எல்லோர் பில்லிலும் ஒரு மெகாவாட் மணிக்கு இவ்வளவு என்று ஏற்றினார்கள். எல்லை தாண்டிப் போகும் எரிவாயுவிலும் அதை வாங்கியதால் ஆஸ்திரியாவும் செக் நாடும் கொதித்தன. 2025ல் எல்லைக் கட்டணம் நின்றது. 2026 ஜனவரியில் அந்தக் கட்டணத்தையே எடுத்துவிட்டு, மிச்சத்தை அரசு நிதியில் தீர்த்தார்கள். அந்தக் கடைசி முடிவுதான் சரி என்று இப்போது நினைக்கிறேன். குளிர் வாரத்துக் கிடங்கால் ஹீட் பம்ப் வைத்தவரும் பயன்பெறுகிறார், ஏனென்றால் அந்த வாரம் அவருடைய மின்சாரம் அந்தக் கிடங்கிலிருந்துதான் வருகிறது. ஆகவே அந்தச் செலவு எரிவாயு பில்லில் உட்காரக்கூடாது, எல்லோர் வரியிலிருந்தும் போக வேண்டும்.

தெருக் குழாய் வேறு விஷயம். அதற்கு மான்ஹைம் போல் தேதி வேண்டும், தெரு தெருவாக. இன்னொன்று, எரிவாயுவின் மேல் போடும் கார்பன் விலையை வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் பங்கிட வேண்டும் என்று 2023 முதல் ஜெர்மனியில் விதி இருக்கிறது, வீடு எவ்வளவு மோசமோ அவ்வளவு கூடுதல் பங்கு வீட்டுக்காரருக்கு. வலையமைப்புக் கட்டணத்துக்கும் அதே பங்கீட்டைக் கொண்டுவந்தால், உங்கள் மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வரும் என்று நம்புகிறேன்.

யாழினி_டோர்ட்முண்ட்:

அந்தக் கார்பன் பங்கீடு என் போன வருட பில்லில் வீட்டுக்காரர் பேரில் கழிக்கப்படவில்லை. இப்பதான் எடுத்துப் பார்த்தேன். இந்தக் கிழமையே எழுதிக் கேட்கிறேன்.